தானாக ஆறாத ஊர்

நாவற்கண்மாயில் எந்தப் பொருள் முதன்முதலாக விளைந்தாலும், கறந்தாலும், வடித்தாலும், அதன் முதற்படி ஊருணிக்கு உரியது என்பது எவரும் எழுதி வைக்காத, ஆனால் எவரும் மீறாத வழக்கம். ஈன்ற பசுவின் முதற்பாலும், புது நெல்லின் முதற்பிடியும், புதுக் கிணற்றின் முதற்குடமும் ஊர் குடிக்கும் அந்தத் தண்ணீரில் கலந்த பின்னரே வீட்டுக்குள் நுழையும். நெடுஞ்சாலையோரம் பெட்ரோல் நிலையம் திறந்த ஆண்டில் அரை லிட்டர் பெட்ரோலையும் பயபக்தியோடு கொண்டுவந்து ஊற்றிவிட்டார்கள் என்றும், ஐந்து நாள் ஊர்ச்சோறு முழுவதும் லாரி மணத்தது என்றும், அப்போதும் ஊற்றியவரை எவரும் குறை சொல்லவில்லை, பெட்ரோலைத்தான் குறை சொன்னார்கள் என்றும் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆகவே, கயற்கண்ணியின் கூடத்தில் நாவற்பழத்திலிருந்து வடித்தெடுத்த முதற்சாரத்தை முத்திருளாயி ஊருணியில் ஊற்றியபோது, அவள் தவறு செய்கிறாள் என்று ஊரில் எவருக்கும் தோன்றவில்லை. கயற்கண்ணி ஒருத்திக்குத்தான் தோன்றியது.

கயற்கண்ணி பதினேழு ஆண்டுகள் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றி, விருப்ப ஓய்வு பெற்று, பழைய அரிசி ஆலையை வாடகைக்கு எடுத்து, எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சாரம் வடிக்கும் அந்தக் கூடத்தைத் தொடங்கியவள். திருமணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அளவுக்குடுவையைக் கண்ணின் மட்டத்துக்கு உயர்த்திப் பார்க்காமல் வீட்டில் எண்ணெய்கூட ஊற்றாதவள். எழுவாயும் பயனிலையும் இசையாத வாக்கியத்தை அவள் வாயிலிருந்து கேட்டவர் ஊரில் இல்லை. ‘டீச்சரம்மா பேசுனா அச்சாபீசுல இருந்து வர்ற மாதிரி இருக்கு’ என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு ஒட்டுறவென்று உலகத்தில் எஞ்சியிருந்தவள் இருளாயி என்று அழைக்கப்பட்ட முத்திருளாயி ஒருத்திதான். தம்பி சேதுபாண்டியின் மனைவி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சல் சேதுபாண்டியைக் கொண்டுபோன பிறகும், பிறந்த வீடு போகாமல், நாத்தனாரோடு ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, ஒரே கூடத்தில் வேலை செய்துகொண்டு இருந்தவள்.

ஆனி மாதம் நாவல் பழுத்து, கண்மாய்க்கரை முழுதும் கருநீலமாக உதிர்ந்து கிடந்த பதினொரு நாளும் எட்டுப் பெண்களும் ஓயவில்லை. பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, தோலை நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பானில் ஒரு முழு நாள் இருட்டறையில் ஊறவிட்டு, துணியில் வடித்து, மிஞ்சிய சக்கையில் புதுக் கரைப்பான் ஊற்றி மறுபடி ஊறவிட்டு, மறுபடி வடித்து, மூன்றாம் முறை வடிவது வெளிறும்வரை அவர்களை விடவில்லை கயற்கண்ணி. வடித்ததை வெந்நீர்த் தொட்டியில் சுழலும் கண்ணாடிக் குடுவையில் இட்டு, உள்ளிருந்த காற்றை உறிஞ்சிவிட்டு மெல்லச் சூடேற்றினால், கரைப்பான் ஆவியாகிப் பக்கத்துக் குடுவையில் வந்து சேரும்; அடியில் தேன்போலக் கறுத்து நிற்பது சாரம்.

“வெட்டி வைத்த கத்தரிக்காய் ஏன் கறுக்கிறது? காற்று அதைத் தின்கிறது. இரும்பு துருப்பிடிப்பதும், எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் அப்படித்தான். இந்தச் சாரம் காற்றின் வாயைக் கட்டும்,” என்று அவள் பெண்களுக்கு விளக்கினாள்.

“அப்ப எங்க பெரியாத்தா வாயிலயும் ரெண்டு சொட்டு விட்டா என்ன மதினி?” என்றாள் இருளாயி. கூடம் முழுதும் சிரித்தது. கயற்கண்ணியும், உதடு பிரியாமல், சிரித்தாள்.

பதினோராம் நாள் அறுநூறு மில்லி சாரம் திரண்டது. சாரத்தின் வலுவைச் சோதிக்க வைத்திருந்த ஊதாநிறக் கரைசலில் அதிலிருந்து ஒரு சொட்டு விட்டாள் கயற்கண்ணி. ஊதா மறைந்து மஞ்சளாவதற்கு வழக்கமாக அரைமணி நேரம் பிடிக்கும். அன்று சொட்டு கரைசலைத் தொடும் முன்பே மஞ்சளாயிற்று. அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை செய்து பார்த்து, குறித்துக்கொண்டு, மறுநாள் நகரத்து மருந்து நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதுவதற்காக வீட்டுக்குப் போனாள். அவள் முதல் பத்தியை முடிப்பதற்குள் இருளாயி வாசலில் வந்து நின்றாள்; கையில் கழுவிக் கவிழ்த்த பாட்டில், முகத்தில் கோயிலுக்குப் போய்வந்த மலர்ச்சி.

“மதினி, முதற்படி ஊத்திட்டு வந்துட்டேன்.”

“எவ்வளவு ஊற்றினாய்?”

“முதற்படியில என்ன அளவு மதினி? முதல்ல வந்தது அம்புட்டுத்தானே.”

அப்போது கயற்கண்ணி சொன்னாள், குரலை உயர்த்தாமல், ஒரு சொல்கூடப் பிசகாமல் சொன்னாள்: “உன் கையில் கொடுத்த எதை நீ காப்பாற்றியிருக்கிறாய், என் தம்பி உட்பட?”

இருளாயி பாட்டிலைப் படியில் வைத்தாள். வீட்டின் பின்கட்டுக்குப் போனாள். நடுக்கதவைச் சாத்தினாள். இருவருக்கும் சண்டை புதிதன்று. நடுக்கதவு சாத்தப்படுவதும் புதிதன்று. மூன்று நாள் சாத்தியிருக்கும், நான்காம் நாள் காலை காபி மணத்தோடு தானே திறந்துகொள்ளும். கயற்கண்ணி எந்தச் சண்டையிலும் இறங்கிப் பேசியவளல்லள், மன்னிப்பென்ற சொல்லை விண்ணப்பங்களில் மட்டுமே எழுதியவள். தானாக ஆறட்டும் என்று விடுவாள், தானாக ஆறும்.

அந்த முறை ஆறவில்லை.

முதலில் அது தெரிந்தது சிக்கந்தர் ராவுத்தரின் டீக்கடையில். ஆட்டு வியாபாரி ஒருவர் தேநீரை வாங்கி வைத்துவிட்டு, சந்தையில் இரண்டு கிடாய்க்கு விலை பேசி முடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, ஆறிப்போயிருக்கும் என்ற நம்பிக்கையில் ஒரே மடக்காகக் குடித்து, நாக்கு வெந்துபோய்க் குதித்தார். பின்பு பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டு மணிக்குப் பரிமாறிய சோறு மூன்று மணிக்கும் ஆவி பறந்துகொண்டிருந்தது; பிள்ளைகள் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அதில் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். பூக்காரி மருதாயி கட்டிக் கொடுத்த மல்லிகைச் சரம் எட்டாம் நாளும் அன்று பறித்ததுபோல் இருந்தது. ஊர்ப் பெண்கள் மகிழ்ந்தார்கள், யாரும் புதுச்சரம் வாங்க வராததால் மருதாயி மகிழவில்லை. நறுக்கிய வாழைக்காய் கறுக்கவில்லை. மீன் நாறவில்லை. அரிவாள்மனைகள் துருவின்றி மின்னின. ஊராட்சித் தலைவர் நாகநாதனின் தாடையில் சவரக்கத்தி கீறிய அரை அங்குலக் கோடு, மூன்று வாரம் ஆகியும் சற்றுமுன் கீறியதுபோல் சிவந்திருந்தது. அவர் அதன்மேல் நாளுக்கொரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு எல்லாக் கூட்டங்களிலும் தலைமை தாங்கினார்.

காரணம் இன்னதென்று ஊர் மூன்றே நாளில் கண்டுகொண்டது; கண்டுகொண்ட பின் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. பெட்ரோல் மணந்த ஆண்டைக் கடந்த ஊருக்கு இதையும் கடக்கத் தெரியும். இலக்கணம் கற்றவர்கள் அங்கே இருந்திருந்தால், ஆறு என்னும் வினைச்சொல் அந்த ஊரை விட்டுப் போய்விட்டது என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள். சோறு ஆறுவதும், புண் ஆறுவதும், சினம் ஆறுவதும், துயரம் ஆறுவதும் தமிழில் ஒரே சொல்லால் நடப்பவை. ஆதலால் ஒன்று நின்றபோது எல்லாம் நின்றன.

சாரத்தை ஊற்றிய நாளுக்கு முன்பே ஆறிப்போனவை ஆறியே இருந்தன. அதற்குப் பின் நேர்ந்தவைதாம் நேர்ந்த கணத்திலேயே நின்றன. சீட்டாட்டத்தில் ஏமாந்தவன் காலையில் கண் விழித்ததும், ஏமாந்த அந்த நொடியின் சூட்டோடு எழுந்து, ஏமாற்றியவன் வீட்டுக்கு நடந்தான். மாமியார் முகத்தைச் சுளித்ததைக் கண்ட மருமகள் ஒவ்வொரு நாளும் அதை அப்போதுதான் கண்டாள். காத்தமுத்து ஆசாரியின் மனைவி பஞ்சவர்ணம் நான்காம் நாள் இறந்துபோனாள். கண்ணீர் வற்றி, தொண்டை கட்டி, பதினாறாம் நாளில் ஒரு வாய் சோறு இறங்கி, இப்படிப் படிப்படியாக இறங்க வேண்டிய அவருடைய அழுகை, மருத்துவர் கையை விரித்த அந்த நிமிடத்தில் எப்படி வெடித்ததோ அப்படியே, குறையாமல், தெருவுக்கே கேட்டுக்கொண்டிருந்தது. காலம் ஆற்றும் என்று அவரைத் தனியே விட்டுவைத்த உறவினர், காலத்தின்மேல் பழி போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஊரை விட்டு வெளியேறியவர்களுக்கு மட்டும் ஆறியது. மருதாயியோடு வாய்ச்சண்டை போட்டு அவளுடைய கணவன் திருப்பூருக்குப் பேருந்து ஏறினான்; மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசியபோது குரல் பஞ்சுபோல் இருந்தது.

“இப்ப எனக்கு ஒரு கோவமும் இல்ல மருதாயி. சுத்தமா ஆறிப்போச்சு.”

“அப்ப கெளம்பி வாய்யா.”

“அதான் ஆறிப்போச்சே. இனிமே எதுக்கு வரணும்?”

அவன் அங்கேயே ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவனைப் போல் இன்னும் நால்வர் போனார்கள், நால்வருக்கும் ஆறியது, ஒருவரும் திரும்பவில்லை. எவருடைய துணையும் இல்லாமல் ஆறியவர்களுக்குத் திரும்பிப் பார்க்க எவரும் இருக்கவில்லை.

இதைக் கேட்ட அன்றே இருளாயி, தொண்டியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தாள். அதைக் கயற்கண்ணியிடம் சொல்லவில்லை. டீக்கடையில் சொன்னாள், அது பத்து நிமிடத்தில் கயற்கண்ணியின் காதுக்கு வந்துவிடும் என்று தெரிந்தே சொன்னாள். நடுக்கதவு இருபத்திரண்டாம் நாளாகச் சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஒவ்வொரு காலையும் அந்த ஒரு வாக்கியத்தைப் புதிதாகக் கேட்டு எழுந்தாள்; கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி ஒவ்வொரு காலையும், பதினொரு நாள் உழைப்பு ஊருணியில் கரைந்ததை அப்போதுதான் அறிந்தவள்போல் எழுந்தாள். இருவரும் ஊருணித் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

கயற்கண்ணிக்கு அச்சம் வந்தது. இருளாயி தொண்டிக்குப் போவாள், அங்கே மூன்று நாளில் ஆறும், பிறகு வரமாட்டாள். தொலைபேசியில் ஒரு பஞ்சுக் குரல் ‘எனக்கு ஒண்ணும் இல்ல மதினி’ என்று சொல்லும். அந்த வாக்கியத்தைக் கேட்பதைவிடக் கதவு சாத்தியிருப்பதே மேல். ஆயினும் அச்சம் சினத்தை ஆற்றவில்லை; இரண்டும் ஒரே அடுப்பில் அடுத்தடுத்துக் கொதித்தன.

ஊராட்சிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, ஊருணியிலிருந்து சாரத்தைப் பிரித்தெடுக்க வழி உண்டு என்றாள். தண்ணீரோடு கலக்காத ஒரு கரைப்பானை அதில் ஊற்றிக் கலக்கினால், சாரம் தனக்கு மிகவும் உவப்பான இடம் எதுவோ அங்கே ஏறிவிடும். பிறகு மேலே மிதப்பதை வடித்துவிடலாம்.

“எம்புட்டு வேணும் டீச்சரம்மா?” என்றார் நாகநாதன், பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டே.

“ஊருணியில் எழுபது லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஏறத்தாழ அதே அளவு.”

“எழுபது லட்சம் லிட்டர் ஸ்பிரிட்டா? கொண்டாந்து இறக்குனா நம்ம ஊரு ஆம்பளைக அதை ஊருணி வரைக்கும் விடுவாங்கன்னு நினைக்கிறீங்களா?”

கூட்டம் சிரித்தது. குடிப்பதற்கான ஸ்பிரிட் அன்று அது என்று கயற்கண்ணி திருத்தியதை எவரும் கேட்கவில்லை. ஊருணியை இறைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, கோடையில் எதைக் குடிப்பது என்று இன்னொருவர் கேட்க, மீன் விற்பவள் எழுந்து, தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பனிக்கட்டி வாங்காமல் பிழைப்பதாகவும், ஊருணியில் கை வைப்பவனின் கையைத் துண்டாக்கிவிடுவதாகவும், அதுவும் ஆறாது என்றும் அறிவித்தாள். ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பி வழியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஐப்பசிக்கு மூன்று மாதம் இருந்தது.

கயற்கண்ணி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். ஆய்வு மேசையில் ஒரே அளவான இரண்டு முகவைகளில் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றி, வெப்பமானிகளை இட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்தாள். முதல் முகவையைத் தொடவில்லை. அது இரண்டு நாளும் எண்பது பாகையில் அசையாமல் நின்றது. இரண்டாவதை வெறும் முகவை ஒன்றில் ஊற்றி, அதிலிருந்து இதில், இதிலிருந்து அதில் என்று கை உயரத்துக்கு இழுத்து இழுத்து இருபது முறை மாற்றினாள். அது அறைச் சூட்டுக்கு வந்தது. அவள் ஏட்டில் எழுதினாள்:

தானாக ஆறவில்லை. ஆற்ற, ஆறியது.

எழுதி முடித்ததும் அவளுடைய பேனா அந்த வரியின்மேலேயே நின்றது. பள்ளி நாளில் அவளுக்கு வேதியியலைவிடப் பிடித்திருந்தது இலக்கணந்தான். ஆறுவது தன்வினை; ஆற்றுவது பிறவினை. ஊரை விட்டுப் போனது தன்வினை மட்டுமே. பிறவினை போகவில்லை, இருபத்தைந்து நாளாக, யாரேனும் செய்வார்களா என்று அது காத்துக்கொண்டிருந்தது.

ஏட்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தாள். சிக்கந்தர் ராவுத்தர் அந்த வரியை உரக்கப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாளு, ரெண்டு வெப்பமானியா? அந்த ஆட்டு யாவாரிக்கு அப்புறம் ஆத்தாம ஒரு கிளாசு நான் குடுக்கலையேம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல.”

“தேநீரைச் சொல்லவில்லை, பாய். எல்லாவற்றையும் சொல்கிறேன்.”

ராவுத்தர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, காத்தமுத்து ஆசாரியின் வீட்டுக்குப் போனார். தேறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. “பஞ்சவர்ணம் வைக்கிற அயிரைமீன் குழம்புல புளி கூடவா கொறச்சலா, ஆசாரி?” என்று கேட்டார். அழுகையினூடே ஆசாரி, கூடத்தான் என்றார். இல்லை, தான் ஒருமுறை சாப்பிட்டபோது குறைவு என்றார் ராவுத்தர். அன்றைக்கு அவளுக்குக் கை சுளுக்கு, புளியைச் சரியாகக் கரைக்கவில்லை என்றார் ஆசாரி. இப்படி அவர் ஒன்றைச் சொல்ல, இவர் ஒன்றைத் திருப்பிச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் ஆசாரியின் ஓலம் அழுகையாகவும், அழுகை விசும்பலாகவும் இறங்கின. மூன்று வாரமாகத் தூங்காத தெரு அன்று பகலிலேயே தூங்கியது.

அதன்பின் ஊர் அதைத் தன் வழக்கங்களோடு வழக்கமாகச் சேர்த்துக்கொண்டது. ஆசாரியோடு உட்கார முறை வைத்தார்கள். கயற்கண்ணி தன் முத்துப்போன்ற கையெழுத்தில் அதைப் பட்டியலிட்டு டீக்கடைப் பலகையில் ஒட்டினாள். நாகநாதனின் தாடையைக் கீறிய நாவிதரே நாள்தோறும் வந்து, மருந்து தொட்டு, ஊதி, நாட்டு நடப்புப் பேசி ஆற்றினார், கோடு மறைந்தது. சீட்டாட்டத்தில் ஏமாற்றியவன், ஏமாந்தவன் தன் வீட்டுக்கு நடந்து வருவதற்கு முன்பே எதிரே போய் நிற்கப் பழகினான். தன் தேநீரைத் தானே ஆற்றிக்கொள்ள எல்லாராலும் முடிந்தது. தன் சினத்தைத் தானே ஆற்றிக்கொள்ள ஒருவராலும் முடியவில்லை. ஆகவே அதுவரை ‘எனக்கென்ன’ என்று கடந்துபோனவர்கள், நின்று, ‘என்ன, இன்னும் சூடா இருக்கியா?’ என்று கேட்கலானார்கள். வெளியூர்ப் பேருந்துகளின் நடத்துநர்களுக்கும் அது பழகிவிட்டது. நிறுத்தத்தில் யாரேனும் யாரையேனும் ஆற்றிக்கொண்டிருந்தால், விசில் கொடுக்காமல் ஐந்து நிமிடம் பொறுப்பார்கள்.

ஊருக்கே அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் மட்டும் நடுக்கதவைத் தட்டவில்லை.

“பட்டியல்ல ஒரு பேரு விட்டுப்போச்சே,” என்றார் ராவுத்தர் ஒரு நாள் மாலை, பலகையைப் பார்த்தபடி. “இருளாயி அஞ்சே முக்கால் பஸ்ஸுக்கு நிக்கிது. பெட்டியோட.”

கயற்கண்ணி சாலைப் பக்கம் திரும்பினாள். “என் சூடே எனக்கு இன்னும் ஆறவில்லை, பாய். கொதிக்கிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றை எப்படி ஆற்றுவது?”

“ஊத்துற கிளாசும் சூடுதான், வாங்குற கிளாசும் சூடுதான். நடுவுல போற காத்துதாம்மா ஆத்துது. முதல்ல யாராவது ஊத்தணும், அம்புட்டுத்தான்.”

அவள் ஆய்வுக்கூடத்து வெள்ளை மேலங்கியைக் கழற்றவும் மறந்து நடந்தாள். பாதி வழியில் ஓடினாள். கயற்கண்ணி ஓடி ஊர் அன்றுதான் பார்த்தது.

நிறுத்தத்தில் இருளாயி ரெக்சின் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். கயற்கண்ணி மூச்சு வாங்க அவள் முன் நின்று, வழியெல்லாம் அடுக்கிவைத்த நல்ல வாக்கியங்களைச் சொல்ல வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

“அறுநூறு மில்லி. பதினொரு நாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?”

“அளந்து காட்டத்தான் ஓடியாந்தீகளா? போங்க. நான் ஊத்துனேன். இன்னொரு பாட்டில் இருந்தா அதையும் ஊத்துவேன்.”

“முதற்படியென்றால் ஒரு சொட்டு போதாதா?”

“சாமிக்குச் சொட்டுக் கணக்கா? உங்க தம்பிக்கு நல்ல வேலை அமையணும்னு நேந்துக்கிட்டு, மொத சம்பளத்தை அப்படியே காணிக்கை போட்டதும் நான்தான். அப்ப அவரு சிரிச்சாரு. நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீக.”

“தூக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை.”

“அரிசி இல்லைன்னு நீங்க சொல்லல. சொன்னாத்தானே தெரியும். நீங்க எதைச் சொல்லியிருக்கீக?”

பேருந்து வந்து நின்றது. நடத்துநர் இறங்கி, இருவரையும் பார்த்து, பேருந்தின் பக்கவாட்டைத் தட்டி, “ஆத்திக்கிட்டிருக்காக, அஞ்சு நிமிசம்!” என்று உள்ளே குரல் கொடுத்தார். சன்னலோரம் இருந்த வெளியூர்ப் பெண்ணொருத்தி என்னவென்று கேட்க, பக்கத்திலிருந்தவர், “இந்த ஊருல அப்படித்தாம்மா. நீங்க முறுக்கைச் சாப்பிடுங்க,” என்றார்.

கயற்கண்ணி பெட்டியின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இருளாயி நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

“அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள் கயற்கண்ணி.

“எந்தச் சொல்லை? வாயால சொல்லுங்க. நான் தினம் காலையில கேக்கிறேன். நீங்களும் ஒரு தடவ கேளுங்க.”

சொன்னாள். இரண்டாம் முறை சொல்லும்போது அந்த வாக்கியம் எவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அவளுக்கே கூசியது.

இருளாயி சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அவரு காய்ச்சல்ல கெடந்த அன்னைக்கு நீங்க காலேஜுக்குக் கெளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போனீக, ஞாபகம் இருக்கா? கஞ்சியச் சூடாக் குடுக்காதே, வாய் வெந்துபோகும், நல்லா ஆத்திக் குடுன்னீக. நான் அடுப்படியில ரெண்டு கிண்ணத்த வச்சு மாத்தி மாத்தி ஊத்திக்கிட்டிருந்தேன். உள்ள இருந்து ‘இருளாயி’ன்னாரு. ‘இந்தா வந்துட்டேன், இன்னுங் கொஞ்சம் ஆத்திக்கிறேன்’னேன். மறுபடி கூப்பிடல. நல்லா ஆறுனதுக்கு அப்புறம் கொண்டு போனேன் மதினி. நீங்க சொன்ன பதத்துக்கு ஆறியிருந்துச்சு.”

பேருந்துக்குள் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

“ஆத்திக் குடுன்னு நாந்தான் சொன்னேன்,” என்றாள் கயற்கண்ணி. அவளுடைய பேச்சு அச்சிலிருந்து கழன்றிருந்தது. “நாந்தான் சொன்னேன். இதை ரெண்டு வருசமா ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீங்க தாங்க மாட்டீக.”

கயற்கண்ணி மேலங்கியின் கையால் முகத்தைத் துடைத்தாள். இருளாயி அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு, “அந்தத் துணியில மருந்து பட்டிருக்கும், கண்ணு எரியும்,” என்று தன் முந்தானையை இழுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகு, தான் இன்னும் சினத்தில் இருப்பது நினைவுக்கு வந்தவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு இன்னும் சூடு கொறையல,” என்றாள்.

“எனக்குந்தான். அறுநூறு மில்லிடி. ஒரு பழத்துக்கு ஒரு தடவன்னு குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கினோம்.”

“நானுந்தான் பொறுக்கினேன். என் இடுப்பு மட்டும் இரும்பா?”

“உன்னை யாரு அவ்வளவையும் கவிழ்க்கச் சொன்னா?”

“உங்களை யாரு அந்தப் பேச்சுப் பேசச் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல.”

“எனக்கும் ஒருத்தரும் சொல்லல.”

ஐந்து நிமிடம் பதினைந்தாகியிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானை ஒருமுறை, மரியாதையாக, மெல்ல அழுத்தினார்.

“யக்கா, ஏறுறீகளா?” என்றார் நடத்துநர்.

இருளாயி எழுந்தாள். சேலையை உதறினாள். பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். மறுபக்கம் கயற்கண்ணி உட்கார்ந்திருந்ததால் அது நகரவில்லை. அவளை எழுந்திருக்கச் சொல்ல இருளாயி வாயைத் திறந்தாள், மூடினாள்.

“நீங்க போங்க. அடுத்த பஸ்ஸுல வாரேன்.”

“அடுத்த பஸ்ஸு நாளைக்குத்தானேக்கா?”

“தெரியும். போய்யா,” என்றாள் இருளாயி.